ரிஜிஸ்தர் செய்த உயிலும் கோர்ட்டில் தோற்குமா?

"உயிலை ரிஜிஸ்தர் செய்தாகி விட்டது. இனி அதை யாராலும் அசைக்க முடியாது."

இப்படிச் சொல்லாத ஊர் இல்லை. ரிஜிஸ்தர் ஆபீசில் முத்திரை விழுந்து விட்டால், உயிலுக்கு இரும்புப் பூட்டுப் போட்டது போல என்று பலரும் நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கை பாதி சரி. பாதி தவறு.

தவறான பாதியை நம்பி இருந்தால் என்ன ஆகும்? தகப்பனாரைக் கடைசிவரை காப்பாற்றிய மகளுக்கு, அவர் மனமார எழுதி வைத்த வீடு கிடைக்காமல் போகலாம். அல்லது, நினைவு தப்பிய கிழவரிடம் கைநாட்டு வாங்கிக் கொண்டவன், "உயில் ரிஜிஸ்தர் ஆகிவிட்டது" என்று மிரட்டியே மற்றவர்களின் வாயை அடைத்து விடலாம்.

இரண்டும் அநியாயமே. இரண்டையும் தடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

கட்டாயம் இல்லை

தன் காலத்துக்குப் பிறகு தன் சொத்து யார் யாருக்குப் போக வேண்டும் என்று ஒருவர் எழுதி வைப்பதே உயில். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அதற்கு வேலை இல்லை. அவர் கண் மூடிய பிறகுதான் அது பேசத் தொடங்கும்.

உயில் எழுத முத்திரைத்தாள் தேவை இல்லை. வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும். ரிஜிஸ்தர் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதை எழுதுபவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது.

ஆகவே, ரிஜிஸ்தர் ஆகவில்லை என்பதற்காக ஓர் உயில் தோற்காது. ரிஜிஸ்தர் ஆகி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஜெயித்து விடவும் செய்யாது.

முத்திரை எதைச் சொல்லும்?

ரிஜிஸ்தர் செய்வதால் பலன் இல்லையா? உண்டு.

இன்ன தேதியில், இன்ன ஆபீசில், இன்னார் வந்து இந்தப் பத்திரத்தைத் தான் எழுதியதாக ஒப்புக்கொண்டார் என்பதை அந்த முத்திரை காட்டும். அவருடைய ரேகை அங்கே இருக்கும். உயிலின் நகல் ஆபீஸ் புத்தகத்தில் ஏறி விடும். வீட்டில் உள்ள உயிலைக் கறையான் அரித்தாலும், யாராவது கிழித்துப் போட்டாலும், நகல் நிற்கும். பின்னால் ஒரு பக்கத்தை மாற்றிச் சொருகவும் முடியாது.

ஆனால், உயில் எழுதியவரின் மனதில் என்ன இருந்தது என்பதை முத்திரை சொல்லாது. அவருக்கு அன்றைக்குப் புத்தி தெளிவாக இருந்ததா? அதில் எழுதி இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியுமா? பக்கத்தில் நின்று யாராவது பயமுறுத்தினார்களா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். அவர்கள்தான் சாட்சிகள்.

இரண்டு சாட்சிகள்

உயில் எப்படி இருக்க வேண்டும் என்று 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. இந்துக்கள் 1927-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் எழுதும் எல்லா உயில்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும். கிறிஸ்தவர்களுக்கும் இவை உண்டு.

முஸ்லிம்களுக்கு அவர்களுடைய மதச் சட்டம். அதன்படி வாயால் சொல்லும் உயிலும் செல்லும். ஆனால் வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது.

1925-ம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் எளியவை. உயில் எழுதுபவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். புத்தி தெளிவு வேண்டும். அவர் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு வைக்கலாம். அவர் போடுவதைக் குறைந்தது இரண்டு பேர் பார்க்க வேண்டும். அல்லது, "இது என் கையெழுத்துதான்" என்று அவர் தங்களிடம் சொல்லக் கேட்க வேண்டும். பிறகு அந்த இருவரும், அவர் கண் முன்னால் தங்கள் கையெழுத்தைப் போட வேண்டும்.

கண் தெரியாதவரும், காது கேளாதவரும் உயில் எழுதலாம். தாம் செய்வது இன்னது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். சித்தம் கலங்கியவர் கூட, இடையில் தெளிந்திருக்கும் நேரத்தில் எழுதினால் செல்லும். குடிபோதையிலோ, கடும் நோயிலோ, என்ன செய்கிறோம் என்றே தெரியாத நிலையில் எழுதியது செல்லாது.

உயிலுக்கு மட்டும் சலுகை இல்லை

இங்கே ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது.

தானப் பத்திரத்துக்கும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஆனால் அது ரிஜிஸ்தர் ஆகி இருந்து, எழுதியவர் அதை மறுக்காவிட்டால், சாட்சியைக் கோர்ட்டுக்கு அழைத்து வர வேண்டியது இல்லை. உயிலுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ரிஜிஸ்தர் ஆன உயிலானாலும், சாட்சி உயிரோடு இருந்து, கோர்ட்டுக்கு வரக்கூடியவராக இருந்தால், அவர்களில் ஒருவராவது கூண்டில் ஏறித்தான் ஆக வேண்டும். 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது.

ஏன் இந்தக் கண்டிப்பு? தானம் கொடுத்தவர் உயிரோடு இருந்தால், அவரையே கேட்டுக் கொள்ளலாம். உயில் பேச வரும் போது, எழுதியவர் உலகத்தில் இல்லை. அவருக்குப் பதிலாகப் பேச வேறு ஆள் வேண்டும் அல்லவா?

சாட்சிகள் இருவரும் இறந்து விட்டால் வழி இல்லையா? இருக்கிறது. சாட்சி ஒருவரின் கையெழுத்தையும், உயில் எழுதியவரின் கையெழுத்தையும், அவற்றை அறிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்கலாம்.

வாய் திறக்காத சாட்சி

சாட்சி கூண்டில் ஏறினால் மட்டும் போதாது. சொல்ல வேண்டியதைச் சொல்லவும் வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2002-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. உயில் சாட்சிகளில் ஒருவர் கோர்ட்டுக்கு வந்தார். மற்றொரு சாட்சியும் கையெழுத்துப் போட்டதை அவர் வாயால் நிரூபிக்க முடியவில்லை. அந்த மற்றொரு சாட்சி உயிரோடு இருந்தும், அவரை அழைக்கவில்லை. உயில் நிரூபிக்கப்படவில்லை என்று கோர்ட்டு தள்ளி விட்டது.

தமிழ்நாட்டில் இருந்து சென்ற வேறொரு வழக்கில் 2001-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. பத்திரம் எழுதியவரும் உயிலின் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைச் சாட்சிக் கையெழுத்தாக எடுத்துக் கொள்ளலாமா என்பது கேள்வி. "எழுதியவர் என்ற முறையில் போட்ட கையெழுத்து வேறு, சாட்சியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு போட்ட கையெழுத்து வேறு" என்பது சுப்ரீம் கோர்ட்டின் முடிவு.

ரிஜிஸ்தர் ஆபீசில், "இவரை எனக்குத் தெரியும்" என்று அடையாளம் காட்டுவதற்காக இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறார்களே, அதுவும் இப்படித்தான். அடையாளம் காட்டியதால் மட்டுமே அவர்கள் உயிலுக்குச் சாட்சி ஆகி விட மாட்டார்கள்.

ஒரு குடும்பத்தின் கதை

ஒரு பெரியவர். அவருக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வைத்துக் கொள்வோம்.

பெரியவர் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். பக்கவாதம் வந்து படுத்து விடுகிறார். ஒரு நாள் மூத்த மகன் காரில் ஏற்றி ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைத்துப் போகிறான். பத்திரம் எழுத ஏற்பாடு செய்தவன் அவன். சாட்சிகள் அவனுடைய நண்பர்கள். வீடும் நிலமும் அவனுக்கே என்று உயில் சொல்கிறது. இளைய மகனையும் மகளையும் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை.

இரண்டு மாதத்தில் பெரியவர் இறந்து விடுகிறார். கருமாதி முடிகிறது. பங்கு பேச்சு வந்ததும், பீரோவில் இருந்து உயில் வெளியே வருகிறது. "அப்பா எனக்கு எழுதி வைத்து விட்டார்" என்கிறான் மூத்தவன்.

தம்பியும் தங்கையும் பங்கு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

கோர்ட்டு என்ன பார்க்கும்? பத்திரத்தின் முத்திரையோடு நிறுத்திக் கொள்ளாது. பெரியவரின் உடல்நிலை எப்படி இருந்தது? பேச்சு இருந்ததா? உயிலை யார் எழுதச் சொன்னது? அவருக்குப் படித்துக் காட்டினார்களா? மகளை ஏன் விட்டார் என்பதற்குக் காரணம் உண்டா? கையெழுத்து நடுங்கி, வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதா? உயிலை ஏன் இத்தனை நாள் மறைத்து வைத்தார்கள்? இவ்வளவையும் கேட்கும்.

இவற்றைச் "சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகள்" என்று கோர்ட்டுகள் சொல்கின்றன. சந்தேகம் எழுந்தால், அதைத் தீர்த்து வைக்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டு வந்தவருடையது. மூத்த மகன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவனிடம் நல்ல பதில் இருக்கலாம். மகளுக்குக் கல்யாணத்தின் போதே நிலம் கொடுத்திருக்கலாம். இளையவனுக்குக் கடை வைத்துக் கொடுத்திருக்கலாம். வைத்தியம் செய்த டாக்டர் வந்து, "பெரியவருக்குக் கைதான் வரவில்லை, புத்தி தெளிவாக இருந்தது" என்று சொல்லலாம். அப்போது உயில் நிற்கும். பதில் இல்லாவிட்டால், முத்திரை இருந்தும் உயில் விழும்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

இந்த வழியைக் காட்டியது 1958-ம் ஆண்டின் ஒரு தீர்ப்பு. மைசூரைச் சேர்ந்த ஓர் அம்மாள் எழுதியதாகச் சொல்லப்பட்ட உயில் பற்றிய வழக்கு அது. உயிலைக் கொண்டு வந்தவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்றார். அதனால் அவர் குடும்பத்துக்குப் பெரும் பலனும் கிடைத்தது. நீதிபதி கஜேந்திர கட்கர் தீர்ப்பு எழுதினார். அந்த உயிலை சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. சந்தேகங்களை நீக்கி, கோர்ட்டின் மனச்சாட்சி திருப்தி அடையும்படி நிரூபிக்க வேண்டும் என்றது. இன்றைக்கும் உயில் வழக்குகளில் வக்கீல்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

1961-ம் ஆண்டில் மற்றொரு வழக்கு. ஒரு ராணி, தன் கணவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட உயிலை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை போராடினார். அது ரிஜிஸ்தர் ஆன உயில். ஆனாலும் ராணியே ஜெயித்தார்.

ரிஜிஸ்தர் ஆன உயிலை எப்படி மதிப்பிடுவது என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. உயிலைப் படித்துக் காட்டி, "ஆம், இது என் உயில்தான்" என்று எழுதியவர் அறிந்து ஒப்புக் கொண்டிருந்தால், அந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு. சந்தேகம் நீங்க அது உதவும். அவர் அறிந்துதான் ஒப்புக் கொண்டார் என்பதைப் பார்க்காமல், சடங்கு போலப் பதிவு நடந்திருந்தால், அந்த முத்திரைக்குப் பெரிய மதிப்பு இல்லை.

கெஞ்சியது குற்றமா?

உயிலை எதிர்ப்பவர்களுக்கும் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது.

"அப்பாவை ஏமாற்றி எழுதி வாங்கினான்", "அடித்து மிரட்டினான்" என்று வாயால் சொன்னால் போதாது. ஏமாற்று, மிரட்டல் என்று குற்றம் சாட்டுபவரே அதை நிரூபிக்க வேண்டும்.

ஒருவர் பெரியவரிடம் கெஞ்சி இருக்கலாம். கூடவே இருந்து நல்ல பெயர் வாங்கி இருக்கலாம். பெரியவர் தன் சொந்த புத்தியால் யோசித்து எழுதினார் என்றால் உயில் செல்லும். தொந்தரவு தாங்க முடியாமல், நிம்மதியாகச் சாக விட்டால் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தால், அது அவருடைய விருப்பம் ஆகாது. அந்த உயில் செல்லாது.

"எனக்குப் பங்கு தரவில்லை" என்பதும் தனியாக ஒரு காரணம் ஆகாது. எல்லோருக்கும் சமமாகப் போவது என்றால் உயிலே தேவை இல்லையே! 1995-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு முன் வந்த ஒரு வழக்கில், தாயார் தன் சொத்து முழுவதையும் மகனுக்கே ரிஜிஸ்தர் உயிலாக எழுதி வைத்திருந்தார். பிறகு அவர் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தும் அதை மாற்றவில்லை. அந்த உயில் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

இல்லாததை எழுதினால்?

உயில் சரியாகவே எழுதப்பட்டிருக்கலாம். சாட்சிகளும் சரியாக இருக்கலாம். ஆனால் சொத்து அவருடையதுதானா?

பாட்டன் காலத்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனாருக்கு உள்ளது ஒரு பங்கு மட்டுமே. அந்தப் பங்கை உயிலாக எழுத 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அனுமதித்தது. மற்றவர் பங்கை எழுத யாராலும் முடியாது. தமிழ்நாட்டில் 1989-ல், அதுவரை கல்யாணம் ஆகாத பெண்களுக்கும், 2005-ல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் இந்தச் சொத்தில் பிறப்பால் பங்கு வந்து விட்டது. ஆகவே, உயிலை எதிர்க்கும் முன்பும், எழுதும் முன்பும், பழைய பத்திரங்களை எடுத்துப் பார்ப்பது நல்லது.

மற்றொரு சங்கதி: கடைசி உயிலே உயில். முதல் உயில் ரிஜிஸ்தர் ஆகி இருக்கலாம். பிறகு அவர் வெள்ளைத் தாளில் முறைப்படி வேறு உயில் எழுதி இருந்தால், பிந்தியதுதான் செல்லும். உயிலை மாற்றவும் ரத்து செய்யவும் எழுதியவருக்குச் சாகும் வரை உரிமை உண்டு.

எழுதுவோர் கவனத்துக்கு

உயிலால் குடும்பத்தில் சண்டை வராமல் இருக்க, எழுதும் போதே சில காரியங்களைச் செய்யலாம்.

உடம்பு நன்றாக இருக்கும் காலத்திலேயே எழுதுவது நல்லது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சாட்சிகள் உங்களை நன்கு அறிந்தவர்களாக, உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும். உயிலால் பலன் பெறுபவரைச் சாட்சி ஆக்காதீர்கள். கிறிஸ்தவர் உயிலில் சாட்சிக்கோ, அவர் மனைவிக்கோ, கணவருக்கோ எழுதிய சொத்து அவருக்குக் கிடைக்காது. இந்துக்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் ஏன்?

ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தால், காரணத்தை ஒரு வரியில் உயிலிலேயே எழுதுங்கள்.

சொத்து பெறப் போகிறவர், பத்திரம் எழுதும் இடத்தில் முன் நிற்க வேண்டாம்.

வயது முதிர்ந்தவரானால், "புத்தி தெளிவாக இருக்கிறார்" என்று டாக்டரிடம் சான்று வாங்கி வைக்கலாம். சட்டம் கேட்காவிட்டாலும், கோர்ட்டில் கை கொடுக்கும்.

படிக்கத் தெரியாதவர், உயில் முழுவதையும் சாட்சிகள் முன்னால் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். படித்துக் காட்டிய விவரத்தையும் உயிலில் எழுத வேண்டும்.

ரிஜிஸ்தர் செய்யுங்கள். அது நல்ல பழக்கமே. படுக்கையில் இருப்பவர் தக்க காரணம் காட்டினால், சப்-ரிஜிஸ்திரார் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

உயிலில் உள்ளது வெளியே தெரிந்து விடுமோ என்ற பயம் வேண்டாம். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை, அவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ தவிர, வேறு யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். உயிலை உறையில் போட்டு, சீல் வைத்து, மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம்.

எழுதியவர் இறந்த பிறகு, மனுப் போட்டு யாரும் நகல் வாங்கலாம். வாரிசுகள் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான். நகலை வாங்கி, சாட்சிகள் யார் என்று பார்த்து, ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். "ரிஜிஸ்தர் ஆகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால், அதை நம்பி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டு விடாதீர்கள்.

உயில் எழுதுபவர் ஒன்றை மறக்கக் கூடாது. நாளைக்கு வழக்கு வந்தால், அவர் வந்து சாட்சி சொல்ல முடியாது. அன்று அவருக்காகக் கூண்டில் ஏறப் போகிற இருவர் யார் என்பதை, இன்றே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.